டி.ஆர்.பி. ‘தகுதியில்லை’ என்று நிறுத்தினால்: வழக்குப் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு

ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்திய சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய்விட்டு வந்த ஒரு தங்கை, ஒரு மதியவேளையில் தன் ஃபைலை என் முன்னால் வைத்தார். உள்ளே இருபது காகிதங்களாவது இருக்கும். “எல்லாம் இருக்குண்ணா, ஆனா தகுதியில்லைன்னு சொல்லிட்டாங்க. எந்த வக்கீல்கிட்ட போகணும்?” என்று கேட்டார். என்ன காரணம் சொன்னார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அங்கே யாரும் எழுதித் தரவில்லை, இவரும் கேட்டு வாங்கவில்லை.

நான் வழக்கறிஞர் அல்ல. ஆசிரியர் வேலைக்காக நானும் உயர் நீதிமன்றப் படி ஏறியவன். அதற்குப் பிறகு மனு எழுதித் தருவது, தேதிகளைச் சரிபார்த்துச் சொல்வது என்று பல பணிநாடுநர்களோடு நடந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது இதுதான்: இந்த வழக்குகளில் பாதிக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகின்றன. எந்தக் காகிதம், எந்தத் தேதியில் உங்கள் கையில் இருந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் வக்கீலைத் தேடும் முன் செய்ய வேண்டியவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறோம்

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த என்ன தகுதி வேண்டும் என்பதை முடிவுசெய்வது மாநில அரசு அல்ல. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு அந்த அதிகாரத்தைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்குத் தந்திருக்கிறது. அந்தக் குழுமம் 23.8.2010 அன்று வெளியிட்ட அறிவிக்கைதான் ஆசிரியர் தகுதித் தேர்வை, அதாவது டெட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதை நடத்தும் பொறுப்பு 15.11.2011 தேதியிட்ட 181ஆம் எண் அரசாணை வழியாக ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு வந்தது. முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரை, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை. முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் கிடையாது. அங்கே குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பேசும்.

டெட் தேறினால் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பலர் வருடக்கணக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், டெட் மதிப்பெண்ணோடு பள்ளி, கல்லூரி மதிப்பெண்களையும் சேர்த்துத் தரவரிசை போடும் வெயிட்டேஜ் முறை வந்தது. பிறகு 2014இல் 25ஆம் எண் அரசாணை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 90இலிருந்து 82ஆகக் குறைத்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த 71ஆம் எண் அரசாணை வெயிட்டேஜ் முறையையே மாற்றியது. சென்னை அமர்வு ஒரு பக்கமும் மதுரை அமர்வு இன்னொரு பக்கமும் தீர்ப்பளிக்க, விவகாரம் டெல்லிக்குப் போனது. 9.11.2016 அன்று வி. லாவண்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு அரசாணைகளையும் சரி என்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அத்தனை குடும்பங்களும் தீர்ப்புத் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அப்புறம் 20.7.2018 தேதியிட்ட 149ஆம் எண் அரசாணை வந்தது. டெட் என்பது தகுதி மட்டும்தான், நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அது சொன்னது. ஏழு ஆண்டுதான் செல்லும் என்றிருந்த டெட் சான்றிதழை வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021இல் மாற்றினார்கள். 2011இலிருந்து தேறிய எல்லோருக்கும் அது பொருந்தும். ஆக, உங்கள் பழைய சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பி.எட். முடித்துவிட்டு இடைநிலை ஆசிரியர் (ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை) பணிக்கு முயல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்புக்கும் வரலாம் என்று 2018 ஜூனில் குழுமம் வெளியிட்ட அறிவிக்கையை, 11.8.2023 அன்று தேவேஷ் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தொடக்க வகுப்புக்கு அதற்குரிய ஆசிரியர் பட்டயப் படிப்புதான் வேண்டும். முதல் தாளில் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் இதில் வாதாட இடமில்லை.

அறிவிக்கையை உட்கார்ந்து படியுங்கள்

பெரும்பாலானவர்கள் வாரியத்தின் ஆட்சேர்ப்பு அறிவிக்கையில் காலியிட எண்ணிக்கையையும் தேர்வுத் தேதியையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வழக்கு என்று வந்தால் நீதிபதி பிரிப்பது அந்த அறிவிக்கையைத்தான். எனவே வெளியான அன்றே முழுவதையும் தரவிறக்கி, அச்செடுத்து, ஒரு பேனாவோடு உட்காருங்கள். கல்வித் தகுதிப் பத்தி, விண்ணப்பத்தின் கடைசித் தேதி, இணைப்பில் உள்ள சான்றிதழ் படிவங்கள், பின்னால் வெளியாகும் திருத்த அறிவிப்புகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாரியத்தின் இணையதளத்தில் இன்று இருக்கும் பக்கம் நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடைசித் தேதிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 1997இல் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும். நேர்காணலுக்கு முன்னால் தேர்வு முடிவு வந்துவிட்டது என்று சொல்லிப் பயனில்லை. அறிவிக்கையில் வேறு தேதி குறிப்பிட்டிருந்தால் மட்டும் அந்தத் தேதி.

அந்தத் தங்கையின் ஃபைலுக்கு வருகிறேன். ஒவ்வொரு காகிதமாகத் தரையில் பரப்பினோம். பி.எட். மதிப்பெண் பட்டியலின் கீழே இருந்த தேதி, விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஐந்து நாள் பிந்தியது. மேசையில் இருந்தவர் அதைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அது பட்டியல் அச்சான தேதி. பல்கலைக்கழகம் தேர்வு முடிவை வெளியிட்டது கடைசி நாளுக்கு மூன்று நாள் முந்தி. முடிவு வெளியான நாள் எது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னேன். இரண்டு தடவை அலைந்து வாங்கினார். முறையீட்டு மனுவோடு அதை இணைத்துக் கொடுத்தோம். இறுதிப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. வக்கீல் தேவைப்படவே இல்லை. எல்லோருக்கும் இப்படி முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் சான்றிதழ்களில் அச்சான தேதி, முடிவு வெளியான தேதி, பட்டமளிப்புத் தேதி என்று மூன்று இருக்கலாம் என்பதை இன்றே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி இடறும் இடங்கள்

பட்டத்தின் பெயர். நீங்கள் படித்தது அறிவிக்கையில் இருக்கும் பாடத்தின் பெயரில் இல்லாமல் கொஞ்சம் மாறி இருந்தால், ‘இணையானது’ என்று சொல்லும் அரசாணை வேண்டும். உங்கள் பல்கலைக்கழகமே எழுதித் தரும் கடிதம் இங்கே பெரும்பாலும் போதாது. எந்தப் பட்டம் எதற்கு இணை என்று முடிவுசெய்வது வேலை தரும் அரசின் வேலை, நீதிமன்றம் தானாக இணைத்தன்மை வழங்காது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இணைத்தன்மை கோரும் விண்ணப்பங்கள் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் குழுவுக்குப் போய், பிறகு அரசாணையாக வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் பிடிக்க முடியாது. உங்கள் பட்டத்துக்கு ஏற்கெனவே அரசாணை இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள்.

படித்த வரிசை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களை, 18.8.2009 தேதியிட்ட பணியாளர் சீர்திருத்தத் துறையின் 107ஆம் எண் அரசாணை அரசுப் பணிக்கு ஏற்கவில்லை. வேலை செய்துகொண்டே கஷ்டப்பட்டுப் படித்தவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

தமிழ்வழிச் சான்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதும் என்று பலர் அதைப் பயன்படுத்திக்கொண்டதால், 2020இல் திருத்தம் வந்தது. இப்போது பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். ஆகவே பள்ளி, கல்லூரி, கல்வியியல் கல்லூரி என ஒவ்வொரு நிலைக்கும், அறிவிக்கையில் கொடுத்திருக்கும் படிவத்திலேயே சான்று வேண்டும். இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் இரண்டு சான்று. படித்த பள்ளி மூடப்பட்டிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகம்வரை அலைய வேண்டியிருக்கும். சரிபார்ப்புக்கு முதல்நாள் ஓடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். சும்மா இருக்கும் மாதத்தில் இதை வாங்கி வைத்துவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ் தந்தையின் பெயரில் இருக்க வேண்டும். திருமணமான பெண்கள் கணவர் பெயரில் வாங்கியதைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்கிறார்கள்.

விடைக்குறிப்பில் தவறு இருந்தால்

தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள் அவகாசம் தருவார்கள். அந்த நாட்களுக்குள், அவர்கள் சொன்ன வழியில், ஆதாரத்தோடு தெரிவியுங்கள். ஆதாரம் என்றால் பாடநூல் அல்லது அங்கீகரிக்கப்பட்ட நூலின் பக்கம். கைடுகளை வாரியம் ஏற்பதில்லை. அந்த அவகாசத்தை விட்டுவிட்டு நீதிமன்றம் போனால், “அப்போது ஏன் சொல்லவில்லை?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நீதிமன்றம் விடைத்தாளைத் திருத்த உட்காராது. விடைக்குறிப்பு சரி என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளும். பார்த்த உடனே தவறு என்று தெரிய வேண்டும், நீண்ட விளக்கம் கொடுத்து நிறுவ வேண்டிய தவறு எடுபடாது என்று 1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கிலிருந்து ரண் விஜய் சிங் வழக்குவரை ஒரே குரலில் சொல்லி வருகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு விடையும் சரி என்பதற்குத் தமிழ்நாடு அரசின் பாடநூலே சாட்சி சொன்னால் போராடலாம். பேராசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும் கேள்வி என்றால் அதில் பணத்தைப் போடாதீர்கள்.

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

நிராகரிக்கப்பட்டால் வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்ப வேண்டாம். காரணத்தைக் குறிப்பிட்டுத் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். தரவில்லை என்றால், அன்று நடந்ததை எழுதி, உரிய சான்றுகளின் நகல்களை இணைத்து, வாரியத்துக்கு ஒரு முறையீட்டு மனு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபால் என்றால், பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டதால், விரைவு அஞ்சலில் சேர்ப்புச் சான்று கேட்டு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். குடும்பக் கஷ்டத்தை அதில் எழுத வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கே மனம் சங்கடப்படும். ஆனால் அந்த இடத்தில் தேதியும் பத்தி எண்ணும்தான் வேலை செய்யும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு: என் விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது, என் பிரிவில் கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண் என்ன, என் பிரிவுக்கு எத்தனை இடம் நிரம்பியது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆனால் இந்தப் பதிலுக்காக நீதிமன்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நியமன ஆணைகள் வெளியேறிவிட்டால் எல்லாமே கடினமாகிவிடும்.

மனுவுக்கு மேல் மனு போட்டால் காலம் நீளும் என்று சிலர் நினைக்கிறார்கள். நீளாது. செத்துப்போன கோரிக்கை, மனு கொடுப்பதால் உயிர் பெறாது என்று 2008இல், தமிழ்நாட்டிலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிமன்றம் போகும்போது

ஆசிரியர் நியமன வழக்குகள் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ், அரசின் செயலை எதிர்த்துப் போடும் ரிட் மனுவாக நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரை அமர்வுக்கோ போகும். இதற்கென்று இருந்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. ரிட் மனுவுக்குச் சட்டத்தில் கெடு என்று ஒன்றும் எழுதவில்லை. நடைமுறையில் தற்காலிகத் தெரிவுப் பட்டியல் வந்த சில நாட்களுக்குள் போவதுதான் நல்லது.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது பணி சார்ந்த வழக்குகள் நடத்துபவரா என்று பாருங்கள். அவரிடம் நான்கு விஷயங்கள் பேசுங்கள். முதலாவது, எதைக் கேட்கிறோம்: நிராகரிப்பு ஆணை இருந்தால் அதை ரத்து செய்யவும், நம்மைப் பரிசீலிக்க உத்தரவிடவும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டாவது, இடைக்கால உத்தரவு. ஒட்டுமொத்தத் தேர்வுக்கும் தடை கேட்டால் நீதிபதிகள் தயங்குவார்கள், அது மற்ற ஆயிரம் பேரின் வயிற்றிலும் அடிக்கும். ‘என் பிரிவில் ஒரு இடத்தைக் காலியாக வைக்கவும்’ என்று கேட்பது நியாயமானது, கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. மூன்றாவது, யாரையெல்லாம் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது. தேர்வான ஒருவரின் இடத்தை அசைக்கும் கோரிக்கை என்றால், அவரையோ அவரைப் போன்ற சிலரையோ சேர்க்காமல் போட்ட மனு அந்த ஒரே காரணத்தால் தள்ளுபடி ஆகலாம். நான்காவது, இதே பிரச்சினையில் ஏற்கெனவே தீர்ப்பு இருக்கிறதா. உங்களுக்கு எதிராக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். மறைக்கிற வழக்கறிஞர் வேண்டாம்.

பணம் இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினரும் வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். உயர் நீதிமன்றத்திலேயே அதற்கான சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

நாற்பது பேர் சேர்ந்து வழக்குப் போடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் தலைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும். சேர்வதில் தவறில்லை. ஆனால் உங்கள் பெயர் உண்மையாகவே மனுவில் இருக்கிறதா என்று பாருங்கள், வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், உயர் நீதிமன்ற இணையதளத்தில் அதைப் போட்டு நீங்களே பாருங்கள். ஒருமுறை இப்படிப் பணம் கட்டி, எட்டு மாதம் கழித்து என் பெயர் மனுதாரர் பட்டியலிலேயே இல்லை என்று நான் தெரிந்துகொண்டேன். அதற்குள் பட்டியல் முடிந்து, தேர்வானவர்கள் பள்ளிகளில் சேர்ந்துவிட்டார்கள்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

தெரிவுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே வேலை உரிமை ஆகிவிடாது. 1991இல் சங்கர்சன் தாஷ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதைச் சொன்னது. அதே தீர்ப்பு, அரசு மனம்போன போக்கில் நடக்கவும் முடியாது, தகுந்த காரணம் வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தேர்வு தொடங்கிய பிறகு நடுவழியில் விதியை மாற்றினால் உங்களுக்கு வலுவான ஆயுதம் 7.11.2024 அன்று தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தந்த தீர்ப்பு. பழைய விதியோ அறிவிக்கையோ அனுமதித்தால் ஒழிய, நடுவில் மாற்றக் கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை தவறு என்று தெரிந்தே தேர்வு எழுதி, தோற்ற பிறகு அதை எதிர்த்தால் கேட்க மாட்டார்கள். எதிர்ப்பதாக இருந்தால் தேர்வுக்கு முன்பே எதிர்க்க வேண்டும்.

இன்னொன்று, ‘மனுதாரரின் கோரிக்கையைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலித்து ஆணை பிறப்பிக்கவும்’ என்ற உத்தரவு. இது கிடைத்ததும் ஜெயித்துவிட்டோம் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. இது வெற்றி அல்ல. வாரியம் பரிசீலித்து மறுபடி நிராகரிக்கலாம். இம்முறை காரணம் எழுத்தில் இருக்கும், அதை எதிர்த்து மறுபடி போக வேண்டும்.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள்

1.9.2025 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு தந்த தீர்ப்பால் பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் வளையத்துக்குள் வந்துவிட்டார்கள். ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் டெட் இல்லாமலே ஓய்வுவரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. அதை நம்பிப் படிக்காமல் இருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்திய ஒருவரைத் தேர்வு எழுதச் சொல்வது நியாயமா என்று என்னிடம் கேட்டால், நானும் வருத்தத்தோடுதான் பேசுவேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் தீர்ப்பு நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கின்றன.

உத்தரவு வந்த பிறகு

சான்றிட்ட நகல் கிடைத்ததும் அன்றே வாரியத்துக்கும் துறைக்கும் ஒரு முகப்புக் கடிதத்தோடு கொடுங்கள். உத்தரவில் இருக்கும் வாரக் கணக்கு பெரும்பாலும் ‘நகல் கிடைத்த நாளிலிருந்து’ என்றுதான் ஓடும், நீங்கள் கொடுக்காவிட்டால் அது தொடங்காது. தனி நீதிபதி உத்தரவு உங்களுக்கு எதிராக இருந்தால் இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். சாதகமாக இருந்தால் அரசு மேல்முறையீடு செய்யக்கூடும், உங்களைக் கேட்காமல் தடை வந்துவிடாமல் இருக்க ஒரு கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டு வைக்கச் சொல்லுங்கள். கெடு முடிந்தும் செயல்படுத்தவில்லை என்றால் அவமதிப்பு மனு, அதற்கு ஓராண்டுதான் கால வரம்பு. “அடுத்த மாதம் ஆணை வந்துடும் சார்” என்று அலுவலகத்தில் யாரோ சொன்னதை நம்பிப் பதினான்காவது மாதத்தில் வந்து நின்ற ஒரு நண்பருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. நகலை ஒப்படைத்த அன்றே, பத்து மாதம் கழித்து வரும் ஒரு தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.